வீட்டு முற்றத்தில் கேட்-பேக் எக்ஸாஸ்ட் மாட்டுவது எப்படி

எக்ஸாஸ்ட் பைப் காருக்கு அடியில் முறுக்கி வைத்த பொருள் இல்லை, தொங்குகிற பொருள். முன்பக்கம் எஞ்சினோடு ஒரு பிடிப்பு. மீதி நீளம் முழுக்க நாலைந்து ரப்பர் ஹேங்கரில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். புது செட் மாட்டிய பிறகு வருகிற கடகடப்பு, பம்பர் உருகல், மூட்டுக் கசிவு, ஃப்ளெக்ஸ் பைப் (முன்னால் இருக்கிற, பின்னல் போட்ட வளையும் பைப்) கிழிசல் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இதை மறந்து ஒவ்வொரு மூட்டையும் மாட்டிய கையோடு இறுக்கிவிடுவது. கீழே சொல்வது ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரியான டர்போ பெட்ரோல் கார்களை மனதில் வைத்து. மஸ்டாங் மாதிரி இரட்டைப் பைப் என்றால் இதே வேலை இரண்டு மடங்கு.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பின்னால் இருக்கிற பைப், ரெசனேட்டர் (இரைச்சலைக் குறைக்கும் நடு டப்பா), மஃப்ளர் (சைலன்சர்), டிப் (வெளியே தெரியும் கடைசி முனை) ஆகியவை மட்டும் மாறுவதுதான் கேட்-பேக். வீட்டில் செய்ய ஏற்ற வேலை இது ஒன்றுதான். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் டவுன்பைப் போடுவது வேண்டாம். புகைச் சோதனையில் நிற்காது, பி0420 எர்ரர் (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு) வரும், சட்டப்படியும் தப்பு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சத்தம், புகை விதியை மீறி ரோட்டில் ஓட்டினால் 190(2): முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வண்டி டிஎன்-74 (நாகர்கோவில்) ஆனாலும் டிஎன்-75 (மார்த்தாண்டம்) ஆனாலும் இதுதான் கதை. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இன்னும் கவனம். மாற்றம் செய்த வண்டி விஷயத்தில் கேரள மோட்டார் வாகனத் துறை கறார். ஆகவே விற்பனையில் இருப்பதிலேயே சத்தம் குறைந்த, ரெசனேட்டர் உள்ள செட்டை எடுங்கள். கழற்றிய ஸ்டாக் பைப்பை, அதாவது வண்டியோடு வந்த கம்பெனி பைப்பை, ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போடாதீர்கள்.

பவர் பற்றிய ஆசையையும் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ட்யூன் எதுவும் செய்யாத டர்போ காரில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது சில குதிரைத்திறன். பெட்டியில் என்ன எண் அச்சடித்திருந்தாலும் அவ்வளவுதான். எடை குறையும், சத்தத்தின் தரம் மாறும். 200 குதிரைத்திறன் வரை உள்ள காருக்கு 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை இன்ச் பைப் தாராளம். மூன்று இன்ச் என்பது 300-ஐ நெருங்குகிறவர்களுக்கு. சின்ன எஞ்சினில் அதைப் போட்டால் கிடைப்பது தலைவலி மட்டும்.

கடற்கரை மாவட்டத்தில் பைப்பின் உலோகம்

குளச்சல், முட்டம், சொத்தவிளை பக்கம் வீடு இருந்தால் உலோகத்தைப் பார்த்து வாங்குவது பைப்பின் அளவைப் பார்ப்பதைவிட முக்கியம். எஸ்எஸ் 409-இல் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். உப்புக் காற்று பட்டதும் மேலே பழுப்பு ஏறிவிடும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. எஸ்எஸ் 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இங்கே அதுதான் காசுக்கு ஏற்றது. காந்தம் வைத்துப் பாருங்கள். 409 பச்சென்று பிடிக்கும், 304 பிடிக்காது. வளைவிலும் வெல்டிங்கிலும் மட்டும் லேசாக இழுக்கலாம். ஆனால் 304 என்று சொல்லி 201-ஐத் தள்ளுகிறவர்கள் உண்டு. அதுவும் காந்தத்தில் ஒட்டாது, துரு மட்டும் சீக்கிரம் வரும். காந்தம் பொய்யைப் பாதிதான் பிடிக்கும் என்பதால் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சுவர் கனம் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 1.2 என்றால் எடை குறையும், ஆனால் தகரச் சத்தம் வரும்.

இன்னொன்று: சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் ஸ்டெயின்லெஸ் பைப்பைத் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் மேலே ஒட்டி, இரண்டே வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். பைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் பிரஷ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தரையும் தூக்குவதும்

ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காருக்கு அடியில் படுத்தால் துரும்பும் மண்ணும் கண்ணில்தான் விழும். எந்தக் காலமானாலும் கண்ணாடி போடாமல் கீழே போகவே கூடாது.

கான்கிரீட் தளம்தான் வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிறைய வீட்டு முற்றம் ரோட்டை நோக்கிச் சரிந்திருக்கும். தரையில் ஒரு கோலிக் குண்டை வையுங்கள். உருண்டு ஓடினால் அந்த இடம் வேண்டாம். இன்டர்லாக் கல் பதித்த முற்றமும் ஆபத்துதான். கல்லுக்கு அடியில் மணல் இருப்பதால் ஸ்டாண்டின் ஒரு கால் இறங்கிச் சாய்ந்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஓரடிச் சதுரம் போடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக், தென்னந்தடி இவற்றின் மேல் காரை நிறுத்தி அடியில் நுழைகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

மூன்று டன் ஜாக் ஸ்டாண்டு நான்கு, டிராலி ஜாக்கி ஒன்று, பைப்பைத் தாங்க இன்னொரு சின்ன ஜாக்கி. வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும். கம்பெனி குறித்திருக்கிற ஜாக்கிங் பாயின்ட்டில், கோடு வெட்டிய ரப்பர் பிளாக் வைத்துத் தூக்கினால் ஓரத் தகடு மடங்காது. நான்கு ஸ்டாண்டிலும் உட்கார்ந்ததும் காரைத் தோளால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும். அடிப்பாகம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் நீளப் பைப்பை வெளியே எடுக்க முடியும்.

கருவிகள்: ஆறு முனை சாக்கெட் செட் (பன்னிரண்டு முனை துருப்பிடித்த நட்டை வழுக்கிவிடும்), நீள எக்ஸ்டென்ஷன், டார்க் ரென்ச், ஹாக்சா ஃபிரேம், இன்ச்சுக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடு மூன்று, அரை வட்ட அரம், பெனட்ரேட்டிங் ஸ்பிரே, நிக்கல் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை பற்றிக்கொள்ளாமல் இருக்க), புது கேஸ்கெட் (மூட்டில் கசிவை அடைக்கும் தகடு), தீயணைப்பான். கையுறை கண்டிப்பாக, வெட்டிய பைப்பின் விளிம்பு பிளேடு மாதிரி கூராக இருக்கும்.

பழையதைக் கழற்றுவது

ஓடி வந்து நின்ற வண்டியில் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். முதல் நாள் மாலை வண்டியை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு நட்டுகளில் ஸ்பிரே அடியுங்கள். சூட்டில் அடித்தால் தீப்பிடிக்கும். இரவு படுக்கப் போகும்போது ஒருமுறை, காலையில் ஒருமுறை. பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றிவிடுங்கள்.

துருப்பிடித்த நட்டை ஒரேயடியாக இழுக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொடி அசைவு, பிறகு தளர்த்தும் பக்கம் கால் சுற்று, மறுபடி திரும்ப, மறுபடி ஸ்பிரே. இப்படிப் பைய பைய முன்னும் பின்னும் ஆட்டினால் துருத்தூள் வெளியே வரும், ஸ்டட் (நட்டு ஏறுகிற தலையில்லாத மரைக் கம்பி) உடையாது. உடைந்தே விட்டால் பதற வேண்டாம். எம்8 (8 மில்லிமீட்டர்) ஸ்டட்டைச் சமமாக அரத்தால் தேய்த்து, நடுவில் பஞ்ச் வைத்து, 8.5 மில்லிமீட்டர் டிரில்லால் ஊடுருவத் துளைத்து, ஸ்டட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நட்டாகப் போட்டுக்கொள்ளலாம். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்குகிற வழியைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆக்ஸிஜன் சென்சர்கள் கேட்-பேக் மூட்டுக்கு முன்னாலேயே இருப்பது வழக்கம், தொடவே தேவையில்லை. ஏதோ காரணத்தால் கழற்ற நேர்ந்தால் 22 மில்லிமீட்டர் பிளவுச் சாக்கெட். ஆன்டி-சீஸ் மரையில் மட்டும். முனையில் பட்டால் சென்சர் போச்சு. மஃப்ளரில் மின் வால்வு உள்ள வண்டியில் அதன் கனெக்டரை முதலிலேயே கழற்றி, சூடு படாத இடத்தில் கட்டி வையுங்கள்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் ஃபேக்டரி பைப் பெரும்பாலும் ரெசனேட்டரில் இருந்து பின் மஃப்ளர் வரை ஒரே துண்டு. பின் ஆக்ஸிலைத் தாண்டி முழுசாக வெளியே வராது, வெட்டித்தான் ஆக வேண்டும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பைப்பில் மூன்று சின்னக் குழி அடையாளம் இருக்கும். நடுக் குழிதான் வெட்டும் இடம். ஓரத்து இரண்டும் பிறகு போடப் போகிற ஸ்லீவ் கிளாம்ப்பின் (இரண்டு பைப் முனையையும் சேர்த்துப் பிடிக்கும் உறை) இரு விளிம்பு. அங்கேயே வெட்டினால் நாளைக்கு ஸ்டாக்கை இதே கிளாம்ப்பில் திரும்ப மாட்டலாம். மனம் போன இடத்தில் வெட்டினால் முடியாது.

நேராக வெட்ட ஒரு எளிய வழி: நோட்டுத் தாளைப் பட்டையாகக் கிழித்துப் பைப்பைச் சுற்றுங்கள். தாளின் விளிம்பு ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்தால் அதுதான் செங்குத்துக் கோடு. மார்க்கரால் வரைந்து ஹாக்சா போடுங்கள். கிரைண்டர் வேகம்தான், ஆனால் பொறி பறந்து அடிப்பூச்சிலும் டேங்கிலும் விழும். அதற்குப் பதில் பத்து நிமிடம் கை வலித்தால் பரவாயில்லை. வெட்டி முடிந்ததும் உள்ளும் வெளியும் அரத்தால் பிசிறு எடுங்கள்.

இப்போது மஃப்ளருக்கு அடியில் சின்ன ஜாக்கியை முட்டுக் கொடுத்த பிறகுதான் ரப்பர் ஹேங்கரைக் கழற்றலாம். ஸ்டாக் பின் பாகம் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். பின்னால் கழற்றி முன்னால் அப்படியே விட்டால் மொத்த எடையும் ஃப்ளெக்ஸ் பைப்பில் தொங்கும். அந்தப் பின்னல் ஒருமுறை கிழிந்தால் கேட்-பேக் வாங்கிய காசோடு இன்னொரு செலவு. கூட ஒரு ஆள் வேண்டும். "மெதுவா விடு மக்கா, முன்ன கொஞ்சம் தாழ்த்து" என்று சொல்ல ஒருவர், கேட்க ஒருவர்.

ரப்பரைக் கழற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில், அடுக்களையில் இருந்து எடுத்து வருகிற தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பல வகை ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து, தொளதொளத்துவிடும். ஷீட் அடித்துக் காய வைக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லைதான். ஹேங்கரில் வெடிப்பு இருந்தால் மொத்தமாகப் புதிது போடுங்கள்.

புதியதைத் தொங்கவிடுவது

எல்லாத் துண்டையும் முதலில் தரையில் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பெர்ஃபரேட்டட் மஃப்ளரில் (உள்ளே துளையிட்ட குழாய் உள்ளது) அம்புக்குறி இருந்தால் புகை போகும் திசையில். ஸ்லிப் மூட்டு (ஒரு பைப் இன்னொன்றுக்குள் நுழைகிற மூட்டு) உள்ளே போக வேண்டிய ஆழத்தை, வழக்கமாக 40 முதல் 50 மில்லிமீட்டர், மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது ஆழம் தெரியாது, கோடு தெரியும்.

முன் ஃபிளேஞ்ச்சில் (பைப் முனையில் போல்ட் போடுகிற தகடு) ஒட்டியிருக்கிற பழைய கேஸ்கெட் கரியைச் சுரண்டி எடுத்து, புதிதை வையுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். கேஸ்கெட் மேல் சிலிக்கான் பூசுவதும் வேண்டாம்.

முன்னால் இருந்து பின்னால் மாட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நட்டும் விரலால் சுற்றுகிற அளவுதான். ஒவ்வொரு துண்டும் கையால் திருகினால் திரும்ப வேண்டும். அத்தனை ஹேங்கரும் மாட்டி முடியும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். இனி சரிசெய்கிற வேலை. மொத்த நேரத்தில் பாதி இதற்குப் போக வேண்டும், போகட்டும்.

பாடியில் இருந்து குறைந்தது 20 மில்லிமீட்டர், பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இவற்றில் இருந்து 30 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். விரலை விட்டுப் பாருங்கள்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நுழைந்தால் ஏறக்குறைய 30. ஹீட் ஷீல்டை (பைப்பின் சூட்டைத் தடுக்கும் தகடு) கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டிய பிறகுதான் இந்த அளவு. கிளாம்ப் போல்ட்டின் வால் கீழே பார்க்கக் கூடாது, பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கட்டும். நம் ஊர் வேகத்தடை முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஸ்டாண்டில் நிற்கும் காரில் பின் சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஆக்ஸிலுக்கும் மேலே வளைந்து போகிற பைப்புக்கும் நடுவில் தாராளமாக இடம் தெரியும். அது பொய் இடம். தரையில் இறக்கியதும் ஆக்ஸில் மேலே ஏறும், பள்ளத்தில் விழுந்தால் இன்னும் ஏறும். பின் சஸ்பென்ஷனுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையில் நிற்கும் நிலைக்குத் தூக்கி, அப்போது அளந்து பாருங்கள். அந்த நிலையிலும் 40 மில்லிமீட்டர் மிஞ்சினால் சரி. 'புது எக்ஸாஸ்ட் பின் சீட்டில் ஆள் ஏறினால் மட்டும் தட்டுகிறது' என்ற புகார் இதை விட்டதால் வருவது.

அடுத்தது சூட்டில் நீள்வது. 304 ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.017 மில்லிமீட்டர் நீளும். இரண்டு மீட்டர் பைப் 250 டிகிரி ஏறினால் 8.5 மில்லிமீட்டர். முன்பக்கம் எஞ்சினில் பிடித்திருப்பதால் நீள்வது முழுக்கப் பின்னால் தள்ளும். ஆகவே ஆறிய நிலையில் ரப்பர் ஹேங்கர் எல்லாம் லேசாக முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், சூடேறியதும் நேராகிவிடும். டிப்பும் அப்படித்தான். பம்பரோடு சமமாக வேண்டும் என்றால் ஆறிய நிலையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். சுற்றிலும் 15 மில்லிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் பிளாஸ்டிக் மடங்கி உருகும்.

எல்லாம் சரி என்று தோன்றினால் பின்னால் போய் முழங்காலிட்டு டிப்பைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். எங்கும் முட்டாமல், கையை எடுத்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு பக்கமாக இழுத்து நின்றால் எங்கோ ஒரு மூட்டு முறுக்கியிருக்கிறது. முன்னால் இருந்து மறுபடி. ஹேங்கர் கம்பியே தவறான இடத்தில் வெல்ட் ஆகியிருந்தால் ரப்பரை இழுத்துப் பிடித்துச் சமாளிக்காதீர்கள். இடத்தைக் குறித்துப் பைப்பைக் கீழே இறக்கி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆர்கான் வெல்டிங் செய்கிற பட்டறையில் 308எல் ராடு கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். காரில் மாட்டிய நிலையில் வெல்ட் செய்தால் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆபத்து.

இறுக்குவதும் சோதிப்பதும்

இறுக்குவதும் முன்னால் இருந்து பின்னாலேதான். செட்டோடு வந்த தாளில் அளவு இருந்தால் அதுவே சட்டம். இல்லையென்றால் ஃபிளேஞ்ச் எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 40 முதல் 50. ஃபிளேஞ்ச்சில் ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும். மாறி மாறிச் சுற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு, பேஸ்ட் இல்லாமல் சுற்றினால், பாதியில் பற்றிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பைப் முழுக்க அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அசிட்டோன் காயும்வரை காத்திருங்கள். துடைக்காமல் விட்டால் உங்கள் விரல் ரேகை சூட்டில் வெந்து பைப்பில் நிரந்தரமாக நின்றுவிடும்.

கசிவு பார்க்க எஞ்சின் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. வாக்கும் கிளீனரின் ஊதும் பக்கத்தை டிப்பில் துணி சுற்றிச் சொருகி ஊதவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். குமிழி வருகிற இடம் கசிகிற இடம். பிறகு பேட்டரியை இணைத்து, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதல் பத்து, பதினைந்து நிமிடம் உற்பத்தி எண்ணெய் எரிந்து லேசான புகை வரும், பயப்படாதீர்கள்.

கன்வெர்ட்டருக்கு அருகில் கசிந்தால் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை. புகை துடிப்புத் துடிப்பாகப் போவதால், இரண்டு துடிப்புக்கு நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சர் 'ஆக்ஸிஜன் அதிகம்' என்று தப்பாகச் சொல்லும். புகைச் சோதனையில் 2,500 ஆர்பிஎம்மில் லாம்டா (காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண்) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கசிவு இருந்தால் அது அங்கே காட்டிக்கொடுக்கும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், ஆறிய நிலையில், எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரென்ச்சில் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். மூட்டில் கறுப்புக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது.

வருகிற சத்தங்கள்

எஞ்சின் ஐட்லிங்கில் தகரம் சிலம்புகிற மாதிரி கேட்டால் அது ஹீட் ஷீல்டு. ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். கியர் போட்டு நகரும்போது மட்டும் ஒரு 'டொக்' என்றால் பைப் எங்கோ பாடியில் முட்டுகிறது. முட்டிய இடத்தில் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும்.

ட்ரோன், அதாவது ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் விடாமல் இரைகிற சத்தம், வேறு விஷயம். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,400 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 80 முறை வெடிக்கும். அந்த 80 ஹெர்ட்ஸ் கேபினோடு ஒத்து ஒலித்தால் காதை அடைக்கும். திருநெல்வேலி போகிற நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் தெரிந்துவிடும். இறுக்கினாலோ தளர்த்தினாலோ இது போகாது. ரெசனேட்டரைச் சேர்ப்பதுதான் மருந்து. ரெசனேட்டர் இல்லாத செட்டை வாங்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்கும்தான்.

உப்பும் தண்ணீரும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி ஆவியாகப் போகும். வடசேரி சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புகிற ஓட்டத்தில் மஃப்ளர் சூடாகவே ஆகாது, தண்ணீர் உள்ளேயே தங்கும். மஃப்ளரின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை இருந்தால் அது உற்பத்திக் குறை இல்லை, வடிகால். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கடலோரமாக ஓட்டுகிற வண்டிக்கு, ஆறிய பிறகு அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். ஹேங்கர் கம்பி, வெல்டிங் ஓரம் இந்த இடங்களில்தான் உப்பு முதலில் பிடிக்கும்.

கழற்றிய ஸ்டாக் பைப்பின் இரண்டு வாயிலும் துணி அடைத்து, தரையில் கிடத்தாமல் பரண் மேல் வையுங்கள். குளவி கூடு கட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அதன் கிளாம்ப், நட்டு, ஒரு புது கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அதோடு சேர்த்தே கட்டிவிடுங்கள்.